மண்ணுக்குள் வேலை செய்யும் கூலியில்லா ஆட்கள்

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் போரூரைத் தாண்டியதும் வரும் ஊர் ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றால் மழைநீரைத் தேக்கிக் கழனிக்குப் பாய்ச்சும் சிற்றேரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று தொண்டை மண்டலம் எங்கும் இப்பெயர் கொண்ட ஊர்கள் உண்டு. ஊரின் பெயரிலேயே உழவு இருக்கிறது. ஆனால் இன்று ஐயப்பன்தாங்கலில் பயிரைக் காட்டிலும் வீடுகளே அதிகம். அங்கிருந்து குன்றத்தூர், திருமழிசைப் பக்கம் போனால்தான் நெல்லும் கீரையும் கத்திரியும் வெண்டையும் கண்ணில் படும்.

நகரத்தின் ஓரத்தில் பயிர் செய்யும் சிறு விவசாயியின் நிலை தனி. பலர் குத்தகைக்கு உழுபவர்கள். அடுத்த ஆண்டு இந்த நிலம் கையில் இருக்குமா, மனையாகிவிடுமா என்று சொல்ல முடியாது. "இன்றோ நாளையோ போகப்போகிற மண்ணுக்கு எதற்கு எரு?" என்று யூரியாவை மட்டும் தூவி ஒரு போகத்தை ஒப்பேற்றுவது வழக்கமாகிவிட்டது. முதல் இரண்டு போகம் பயிர் கறுகறுவென்று நிற்கும். பிறகு அதே விளைச்சலுக்கு முன்பைவிடக் கூடுதலாக உரம் கேட்கும். பூச்சியும் நோயும் மிகும். செலவு ஏறும், வரவு ஏறாது.

உரம் குறைவது மட்டும் இதற்குக் காரணமல்ல. மண்ணுக்குள் கூலி வாங்காமல் வேலை செய்யும் கோடிக்கணக்கான உயிர்கள் பட்டினி கிடப்பதும் ஒரு காரணம். அவற்றுக்குத் தீனி போட்டால் சொந்த நிலக்காரருக்கு நெடுங்காலத்துக்குப் பலன் உண்டு. ஒரே போகம் உழப்போகிற குத்தகைதாரருக்கும் அந்தப் போகத்திலேயே கைமேல் கிடைக்கும் பலன்கள் உண்டு.

ஒரு பிடி மண்ணில் எத்தனை உயிர்

நல்ல வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் உள்ள பாக்டீரியாக்கள் மட்டும் பல கோடி. நூறு கோடி வரைகூட இருக்கும். இவற்றோடு பூஞ்சாணங்கள், பாசிகள், ஒற்றைச் செல் உயிர்கள், நூற்புழுக்கள், சிறு பூச்சிகள், மண்புழுக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உயிருள்ள மண். கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைகூட மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதே. காசநோய்க்கு மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த வகை மண் நுண்ணுயிரிலிருந்துதான்.

இவை பயிருக்கு எப்படிச் சோறு போடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சாணத்தையும் தழையையும் பயிர் நேரடியாகத் தின்ன முடியாது. அவற்றில் உள்ள சத்து கரைந்து உப்பாக மாறினால்தான் வேர் உறிஞ்சும். பாக்டீரியாவும் பூஞ்சாணமும் முதலில் தழையைச் சிதைத்துத் தின்று, அதிலுள்ள தழைச்சத்தைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. பிறகு ஒற்றைச் செல் உயிர்களும் நூற்புழுக்களும் அந்தப் பாக்டீரியாக்களைத் தின்கின்றன. தின்றதில் தமக்கு மிஞ்சிய தழைச்சத்தை அவை வேரருகே கழிக்கின்றன. அதைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. நூற்புழு என்றாலே வேர்முடிச்சு உண்டாக்கும் எதிரி என்று நினைக்க வேண்டாம். மண்ணில் உள்ள நூற்புழுக்களில் பெரும்பாலானவை பயிருக்குத் தீங்கு செய்யாதவை.

பயிரும் சும்மா இருப்பதில்லை. இலையில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அதைத் தின்ன வரும் உயிர்கள் வேரைச் சுற்றிக் கூட்டம் கூடுகின்றன. கூட்டம் வேண்டியதாக இருந்தால் சத்து கிடைக்கும், நோய் தடுக்கப்படும். வேண்டாத பூஞ்சாணம் கூடினால் வேர் அழுகும். எந்தக் கூட்டம் கூடும் என்பது பெரும்பாலும் மண்ணை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காற்றில் உள்ள யூரியா

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒரு ஏக்கர் நிலத்தின் தலைக்கு மேல் நிற்கும் காற்றில் சுமார் 30,000 டன் நைட்ரஜன் உள்ளது. ஆனால் பயிரால் அதை நேராக எடுக்க முடியாது. ஆலையில் பெரும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து யூரியாவாக மாற்ற வேண்டியிருக்கிறது. அதே வேலையைச் சத்தமின்றிச் செய்யும் நுண்ணுயிர்கள் நம் வயலிலேயே உள்ளன.

பயறு வகைப் பயிர்களின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியத்தை 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க் பிரித்தெடுத்துக் காட்டினார். உளுந்து, காராமணி, வேர்க்கடலை ஆகியவற்றுக்கு இது சொந்தக்காரன் மாதிரி. விதைத்த 30 முதல் 40 நாளில் ஒரு செடியை வேரறாமல் மண்வெட்டியால் பெயர்த்து எடுங்கள். வேரில் உள்ள முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. முடிச்சே இல்லாவிட்டால் அடுத்த முறை விதைநேர்த்தி கட்டாயம் செய்ய வேண்டும். 10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதை மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். வேர்க்கடலைக்கு உரிய பொட்டலம் வேறு, பயறுகளுக்கு உரியது வேறு. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும்.

நெல்லுக்கு வேர்முடிச்சு கிடையாது. ஆனால் அதன் வேரை ஒட்டி அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா வாழ்கிறது. இதற்கு இப்பெயர் 1978-ல் சூட்டப்பட்டது. புல், தானிய வகைப் பயிர்களுக்கு இது உதவும் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் பிரேசில் நாட்டுப் பெண் விஞ்ஞானி யோகன்னா டோபரெய்னர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை நெல்லுக்கும் மற்றப் பயிர்களுக்கும் பரிந்துரைக்கிறது. ஏக்கர் நெல்லுக்கு மூன்று கட்டமாக இடலாம். விதை ஊறவைக்கும் நீரில் 2 பொட்டலம் கலந்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். நடவின்போது 2 பொட்டலத்தை நீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நட வேண்டும். நடவு வயலுக்கு 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மணலுடன் கலந்து தூவ வேண்டும். இப்போது திரவமாகப் புட்டியிலும் கிடைக்கிறது. அதற்கு அளவு வேறு, சீட்டைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

இப்படிச் செய்தால் தழைச்சத்து உரத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 50 கிலோ தழைச்சத்து இடும் விவசாயிக்குக் கால் பங்கு என்பது 12.5 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், இது 27 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் பாதிக்கும் மேல் மிச்சம்.

கழனித் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி மிதப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நெல் வயலுக்கு ஆண்டாண்டாக எரு இடாவிட்டாலும் ஓரளவு விளைவது ஏன் என்று ஆராய்ந்த இந்திய விஞ்ஞானி பி. கே. டே, இந்தப் பாசியே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்று 1939-ல் வெளியிட்டார். நட்ட 10 நாளில் ஏக்கருக்கு 4 கிலோ பாசித்தூள் தூவினால் போதும்.

அசோலா என்ற மிதக்கும் பெரணியின் இலைக்குள்ளும் இதே வகைப் பாசி குடியிருக்கிறது. வியட்நாம், சீன நாட்டு உழவர்கள் பல தலைமுறையாக இதை வயலில் வளர்த்து வருகிறார்கள். நட்ட ஐந்து நாளுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ அசோலாவைத் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் நீர்ப்பரப்பை மூடிவிடும். களை எடுக்கும்போது அதைச் சேற்றில் மிதித்துவிட வேண்டும். நீர்ப்பரப்பை மூடுவதால் களையும் குறையும். மணிச்சத்து இல்லாத வயலில் இது செழிக்காது. கடும் வெயிலும் ஆகாது. ஆகவே செங்கல்பட்டு, காஞ்சி, திருவள்ளூர் வட்டாரங்களில் சொர்ணவாரியைவிடச் சம்பாப் பட்டமே இதற்கு ஏற்றது.

பொட்டலம் போட்டும் பலன் இல்லையே?

"உயிர் உரம் போட்டுப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை" என்று சொல்லும் விவசாயிகள் பலர். அவர்கள் சொல்வது பொய்யல்ல. பொட்டலத்தில் இருப்பது உயிர். மாடு வாங்கி வந்து தீவனம் போடாமல் கட்டி வைத்தால் பால் கறக்குமா? அதே கதைதான் இங்கும்.

முதல் காரணம், மண்ணில் கரிமச்சத்து இல்லாமை. மண் பரிசோதனைச் சீட்டில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் நல்லது. குறைவான மண்ணில் பொட்டலத்தைப் போட்டால், போட்ட நுண்ணுயிர் சில நாளில் பட்டினியில் குறைந்துவிடும்.

இரண்டாவது, பொட்டலம் கெட்டுப்போயிருத்தல். வெயில் படும் கடைவாசலிலோ ஓட்டுக் கூரையின் கீழ் உர மூட்டை மேலோ கிடந்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சாது. காலாவதி தேதி பார்த்து வாங்கி, குளிர்ச்சியான நிழலில் வைத்து, மாலை வேளையில் ஈர மண்ணில் இட வேண்டும்.

மூன்றாவது, தவறான கலப்பு. யூரியா, சாம்பல், பூச்சி மருந்து ஆகியவற்றுடன் கலந்து தூவினால் நுண்ணுயிர் மடியும். விதைக்குப் பூஞ்சாண மருந்து பூசினால் 24 மணி நேரம் கழித்தே உயிர் உரம் பூச வேண்டும்.

கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கப்பட்ட நிரந்தர உரச் சோதனை வயல் இந்த விஷயத்தில் நல்ல சாட்சி. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு உரமே இல்லாமலும், சிலவற்றுக்கு ரசாயன உரமும், சிலவற்றுக்குத் தொழு உரமும் ஆண்டுதோறும் இட்டு நூறாண்டுக்கும் மேலாகக் கவனித்து வருகிறார்கள். தொழு உரம் பெறும் பாத்திகளில் கரிமச்சத்தும் நுண்ணுயிர்களும் மிகுந்திருக்கின்றன. அங்கேயே 1972-ல் தொடங்கிய மற்றொரு நீண்டகாலச் சோதனையில் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறிப் பயிரிடப்படுகின்றன. சரியான அளவு ரசாயன உரத்துடன் தொழு உரமும் சேர்த்து இட்ட பாத்தியே அதில் தொடர்ந்து நல்ல விளைச்சல் தருகிறது. ரசாயன உரத்தை நாளைக்கே நிறுத்த வேண்டும் என்பதல்ல இதன் பாடம். அது மட்டுமே போதாது என்பதுதான்.

தாள் மடக்கி உழுதால் பயிர் மஞ்சளாவது ஏன்?

அறுவடை இயந்திரம் வந்தபின் கழனியில் உயரமான தாளும் சிதறிய வைக்கோலும் நிற்கின்றன. சிலர் கொளுத்திவிடுகிறார்கள். கொளுத்தினால் வைக்கோலில் உள்ள தழைச்சத்து புகையாகப் போய்விடும். மேல்மண்ணின் உயிர்களும் வெந்துபோகும்.

சிலர் கொளுத்தாமல் மடக்கி உழுது உடனே நடுகிறார்கள். பயிர் மஞ்சளாகி நின்றுவிடுகிறது. உடனே "தாள் மடக்கியது தப்பு" என்று முடிவு கட்டுகிறார்கள். நடந்தது என்ன? வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. ஏறத்தாழ 80 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து. அதைத் தின்னும் நுண்ணுயிரின் உடலிலோ எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு. பற்றாக்குறைத் தழைச்சத்தை நுண்ணுயிர் மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பயிரும் நுண்ணுயிரும் ஒரே தட்டில் கை வைக்கின்றன, ஜெயிப்பது நுண்ணுயிர்தான். சில வாரங்களில் வைக்கோல் மக்கியதும் பிடித்து வைத்த சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆகவே தாளை மடக்கி உழுத பிறகு குறைந்தது இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும். உழும்போது சாணக் கரைசலோ, ஏக்கருக்குச் சில கிலோ யூரியாவோ சேர்த்தால் மக்குவது விரைவாகும். மக்காத சாணத்தையும் குப்பையையும் நட்ட பயிருக்கு இடக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்கும் இதுவே காரணம்.

சேற்றுக் கழனியில் இன்னொரு விஷயம். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. மேல் நீரில் தூவிய யூரியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது கீழே காற்றில்லா மண்ணுக்கு இறங்கியதும் வேறொரு வகை பாக்டீரியா அதை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. மண்ணுயிர் எல்லாம் எப்போதும் நமக்கே உழைப்பதில்லை. வேலை வாங்கத் தெரிய வேண்டும். ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து இடும் பழக்கம் இந்த முதல் பாக்டீரியாவை மெதுவாக்கத்தான். இதே காரணத்துக்காகவே நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. நீரை வடித்து, சேற்றில் இட்டு, களைக்கருவி ஓட்டி மண்ணுக்குள் அழுத்தினால் இழப்பு மேலும் குறையும். தமிழகத்தில் ராஜராஜன் 1000 என்று பெயரிடப்பட்ட செம்மை நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டு, உருளைக் களைக்கருவியால் களையைச் சேற்றில் அமுக்குவதால் வேருக்கும் காற்று கிடைக்கிறது, நுண்ணுயிருக்கும் தீனி கிடைக்கிறது.

நாங்கூழ் என்னும் உழவன்

மண்புழுவை நாங்கூழ் என்பது பழைய தமிழ். இங்கிலாந்து விஞ்ஞானி டார்வின் தம் கடைசிப் புத்தகத்தை 1881-ல் இந்தப் புழுவைப் பற்றியே எழுதினார். அந்நாட்டில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றினூடே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். கலப்பை தோன்றும் முன்பே நிலத்தை உழுதவை மண்புழுக்கள் என்பது அவர் கருத்து.

சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகள் தமிழக மண்புழுக்களை ஆராய்ந்தவர். வெளிநாட்டுப் புழுவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, நம் மண்ணில் உள்ள லாம்பிட்டோ மொரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய புழுக்களே போதும் என்று வலியுறுத்தியவர். முன்னது மண்ணில் செங்குத்தாக வளை தோண்டி, மேலே உள்ள சருகை உள்ளே இழுத்துத் தின்னும். அந்த வளை வழியே மழைநீர் இறங்கும், காற்று போகும். பின்னது மேல் குப்பையில் வாழும். எரு தயாரிக்க உதவும். மண்புழுத் தொட்டியின் அடியில் சொட்டும் நீரை வடித்துப் பயிருக்குத் தெளிக்கும் முறையையும் அவர் பரப்பினார்.

புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோலால் சுவாசிக்கிறது. மண் காய்ந்தால் ஆழத்துக்குப் போய்விடும். நச்சு மருந்து தோல் வழியே நேராக ஏறும். குருணை மருந்து போட்ட வயலில் காலையில் புழுக்கள் செத்துக் கிடப்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

நாற்றங்காலுக்குக் காவல்

கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று திடீரென்று அடித்தண்டு அழுகிச் சாய்வது நாற்றழுகல் நோய். டிரைகோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணம் நோய்ப் பூஞ்சாணத்தைச் சுற்றிப் பின்னி அதையே தின்றுவிடும். கிலோ விதைக்கு 4 கிராம் பூச வேண்டும். வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காட்டிச் சில நாள் நிழலில் வைத்து இட்டால் நன்றாகப் பெருகும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவை நெல் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் வீதம் பூசலாம். நோய் வந்த பிறகு போடுவதைவிட வருமுன் போடுவதே பலன் தரும்.

வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சாணம் மல்லிகை, கத்திரி, மிளகாய், பழமரங்களுக்கு மணிச்சத்தையும் ஈரத்தையும் தொலைவிலிருந்து கொண்டுவந்து தரும். ஆனால் முள்ளங்கி, கோஸ், முளைக்கீரை, தண்டுக்கீரை இவற்றின் வேரில் அது சரியாகச் சேர்வதில்லை. கீரைக்காரர்கள் அதற்குச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மக்கு உரம் வாங்கலாம்.

ஒரே போகக் குத்தகைக்கு எது ஏற்றது?

நிலம் கையில் நிலைக்குமா என்ற கவலை உள்ளவர்கள் அந்தப் போகத்திலேயே திரும்பி வரும் செலவை மட்டும் செய்தால் போதும்.

விதைநேர்த்தியும் வேர் நனைத்தலும் முதலில் வரும். செலவு சொற்பம், பலன் அதே பயிரில்.

அடுத்தது பசுந்தாள் உரம். நவரை அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடையே கழனி சும்மா கிடந்தால், கோடை மழையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம். ஏக்கருக்கு 6 முதல் 10 டன் பசுந்தழையும், 25 முதல் 35 கிலோ தழைச்சத்தும் கிடைக்கும். தழை இளசாக இருப்பதால் விரைவில் மக்கும். அடுத்து நடும் நெல்லே பலனை எடுத்துக்கொள்ளும். புஞ்சைக்குச் சணப்பு ஏற்றது. தமிழக அரசு 2024-ல் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இரண்டு லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் உர விதை வழங்க இடம் ஒதுக்கப்பட்டது. தங்கள் வட்டாரத்தில் விதை இருப்பு உண்டா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நகரத்தின் ஓரத்தில் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. கோயம்பேடு சந்தையிலும் அந்தந்த ஊர்க் கடைத்தெருவிலும் காய்கறிக் கழிவு, வாழை மட்டை, பூக்கழிவு தினமும் குவிகின்றன. மாட்டுக் கொட்டகைச் சாணமும் கிடைக்கும். பிளாஸ்டிக் கயிறும் பையும் பொறுக்கி எடுத்துவிட்டு, பச்சைக் கழிவையும் காய்ந்த சருகையும் சாணக் கரைசலுடன் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கும். நடுவில் கிளறிவிட வேண்டும். கண்ணாடித் துண்டும் பேட்டரியும் கலந்த நகரக் குப்பையை மட்டும் கழனிக்குள் விடக்கூடாது. உடைந்த பேட்டரியின் உலோக நஞ்சை எந்த நுண்ணுயிராலும் மக்கச் செய்ய முடியாது.

ஏரி வண்டல் பழைய முறை. கோடையில் தாங்கலிலும் ஏரியிலும் படிந்த வண்டலை வண்டி வண்டியாகக் கழனிக்கு அடித்தது ஏரிக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. வட்டாட்சியர் அனுமதி பெற்று, அறிவிக்கப்பட்ட ஏரிகளிலிருந்து விவசாயத்துக்கு இலவசமாக வண்டல் எடுக்கும் வசதியை அரசு 2024-ல் எளிதாக்கியது. ஆனால் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியின் வண்டலைச் சோதித்துப் பார்க்காமல் கழனிக்கு அடிக்கக் கூடாது.

ஜீவாமிர்தம் தயாரிப்பவர்களும் உண்டு. ஏக்கருக்கு நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு பிடி வயல் மண், 200 லிட்டர் நீர் என்பது வழக்கமான அளவு. இரண்டு நாள் நிழலில் புளிக்கவிட்டுப் பாசன நீரில் விடுவார்கள். நுண்ணுயிரைத் தூண்டும் கரைசல் இது. இதில் உள்ள தழைச்சத்து மிகச் சொற்பம். தழையும் எருவும் இல்லாத வெறும் மண்ணில் இதை மட்டும் நம்பினால் விளைச்சல் குறையும்.

செலவில்லாத இரண்டு சோதனை

மண்ணில் உயிர் உண்டா என்று அறிய ஆய்வகம் போகாமலே பார்க்கலாம்.

மழை பெய்து ஈரம் உள்ள நாளில், காலையில், ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு மேட்டு நிலத்தில் குழி வெட்டுங்கள். மண்ணைச் சாக்கின் மேல் கொட்டிப் புழுக்களை எண்ணுங்கள். பத்துக்குக் குறையாமல் இருந்தால் மண் நல்ல நிலையில் உள்ளது. ஒன்றிரண்டு என்றால் தீனி போதவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் மருந்தோ, உப்போ, கடும் வறட்சியோ காரணம்.

இன்னொன்று, பழைய பருத்தித் துணிச் சோதனை. கனடா, அமெரிக்க விவசாயிகள் பருத்தி உள்ளாடையையே புதைத்துப் பார்க்கிறார்கள். நம் விவசாயிக்குக் கிழிந்த வேட்டித் துண்டு போதும். அரை அடி ஆழத்தில் புதைத்து, அடையாளக் குச்சி நட்டு, இரண்டு மாதம் கழித்து எடுக்க வேண்டும். துணி நைந்து வலைபோல் ஆகியிருந்தால் மண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக உள்ளன. போட்டபடியே இருந்தால் அந்த மண் உறங்குகிறது. பாலியெஸ்டர் கலந்த துணி மக்காது; அதனால் பருத்தித் துணிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றோடு ஆண்டுக்கு ஒரு முறை மண் பரிசோதனையும் செய்தால், எந்த உரத்தைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று தெரியும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

தாளையும் சருகையும் கொளுத்தக் கூடாது. மண்ணை வெயிலில் வெறுமையாக விடாமல், கீரைப் பாத்தியிலும் கத்திரி வரிசைக்கு இடையிலும் சருகு மூடாக்குப் போட வேண்டும். ஒரே பயிரைத் தொடர்ந்து போடாமல் இடையே ஒரு பயறு போட வேண்டும். குருணை மருந்தை வழக்கமாகத் தூவாமல், பூச்சியின் அளவைப் பார்த்தே மருந்து முடிவு செய்ய வேண்டும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். உயிர் உரத்தை எருவோடு சேர்த்தே இட வேண்டும்.

நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதில் விளைவது உழுபவன் கையில்தான் சேர்கிறது. ஒரு போகத்துக்குத்தான் என்றாலும், மண்ணுக்குள் உள்ள ஆட்களுக்கு ஒரு வேளைத் தீனி போட்டுவிட்டு வேலை வாங்குங்கள். மூட்டை உரத்தின் செலவில் மிச்சமாவது அந்தப் போகத்துக் கணக்கிலேயே தெரியும்.